பெரியவர் சொல்லும் ஒரு வார்த்தை



நம் சங்கத்தின் மாடி அறையில் சனிக்கிழமை தோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மீதி நேரத்தில், “பரீட்சைக்குப் பிறகு என்ன படிக்கப் போகிறீர்கள்?” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பையன்கள் நான்கு பேர். நான்கு பேரும், “நான் சயன்ஸ் எடுப்பேன்”, “நான் கம்ப்யூட்டர் படிப்பேன்” என்று ‘நான்’ போட்டுப் பதில் சொன்னார்கள். பெண்கள் ஐந்து பேர். ஐவரும், “வீட்டில் என்ன சொல்கிறார்களோ...” என்று ஆரம்பித்தார்கள்.

அந்த ஐவரில் ஒரு பெண் இருக்கிறாள். உயரமும் தூரமும் பற்றிய கணக்கை நான் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடையோடு காத்திருப்பவள். அவளிடம், “வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது இருக்கட்டும், உனக்கு என்ன ஆசை?” என்று கேட்டேன். சற்று நேரம் நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எனக்கு மெஷின் பிடிக்கும் சார். ஆனா வீட்ல காமர்ஸ் போதும்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

காமர்ஸ் படிப்பில் எந்தக் குறையும் இல்லை. விரும்பி எடுத்துப் பட்டயக் கணக்காளராக உயர்ந்த பெண்கள் பலர் உண்டு. ஆனால் ‘போதும்’ என்ற அந்தச் சொல்தான் என்னைத் தைத்தது. அதைப் பற்றியே இந்த மாதம் எழுதுகிறேன். இது பெற்றோருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்ந்த பாடம். அடியேனும் இதில் ஒரு மாணவன்தான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கரை அங்குலம்

நம் கல்யாண் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா மலையேறி நாசிக் பக்கம் போகிறது. மற்றொன்று கர்ஜத் வழியாகப் புனே போய், அங்கிருந்து தெற்கே நம் ஊர்ப் பக்கம் நீள்கிறது. ஒரு வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ‘பாயிண்ட்’ என்று நாங்கள் சொல்லும் அமைப்பு. அதில் நகரும் தண்டவாளத்தின் முனை நான்கரை அங்குலம்தான் இடம் மாறும். அந்த நான்கரை அங்குலம் வண்டியை நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோய்விடும். ஒரு வசதி என்னவென்றால், வண்டி வருவதற்கு முன்பே பாயிண்ட்டை மாற்றியிருக்க வேண்டும். வண்டி ஏறிய பிறகு மாற்ற முடியாது.

பத்தாம் வகுப்பு முடிவதும் அப்படி ஓர் இடம். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் பாயிண்ட். இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். இரண்டும் ரயில்வேயோடு தொடர்புள்ளவை. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

முதல் பாடம்: லலிதா

அ. லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தவர். தெலுங்கு பேசும் குடும்பம். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவ்வளவு படித்த குடும்பத்திலும் அக்கால வழக்கப்படி பெண்ணுக்கு 15 வயதில் திருமணம் ஆயிற்று. 18 வயதில் கணவர் இறந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

1937-இல் ஓர் இளம் விதவையின் நிலை என்ன என்பதை நம் பாட்டிமார்களிடம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லலிதா படிக்க விரும்பினார். தந்தை சரி என்றார். இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பை முதல் வகுப்பில் தேறினார். அடுத்து மருத்துவம் படிக்கலாம். பெண்கள் அதில் ஏற்கெனவே நுழைந்திருந்தார்கள். ஆனால் இரவு பகல் பாராத அந்த வேலையில் குழந்தையைக் கவனிக்க முடியாது என்று எண்ணினார். தந்தையையும் அண்ணன் தம்பிகளையும் போல் பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். கிண்டிக் கல்லூரியிலோ அதுவரை ஒரு பெண் கூடப் படித்ததில்லை.

இங்கேதான் அந்த ஒரு வார்த்தை வருகிறது. தந்தை கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பிறகு மாகாணக் கல்வித்துறை இயக்குநராக இருந்த ஆர்.எம். ஸ்டேதமின் அனுமதியும் கிடைத்தது. இரண்டு வாசல்களும் திறந்தன.

இடம் கிடைத்ததோடு அந்தத் தந்தை நின்றுவிடவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். வகுப்பில் தொல்லை இல்லை; ஆனால் விடுதியில் துணையும் இல்லை. மகளின் தனிமையைப் பார்த்த தந்தை, பெண்களும் இக்கல்லூரியில் சேரலாம் என்பதை வெளியே தெரியப்படுத்த ஏற்பாடு செய்தார். அதன் பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். தன் பெண்ணுக்குத் துணை தேடப் போய், மற்ற வீட்டுப் பெண்களுக்கும் வழி பிறந்தது. மூவரும் 1944-இல் பட்டம் பெற்றார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது!

லலிதா செய்முறைப் பயிற்சி பெற்ற இடம் பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனை. 1862-இல் தொடங்கிய பணிமனை அது. ரயில்வேக்காரர்களுக்கு ஜமால்பூர் என்ற பெயரே ஒரு மரியாதை. பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பணி. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியில் அவருக்குப் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். 1979-இல் மறைந்தார். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் அவருக்கு உடன்பிறந்தார் குடும்பங்கள் துணையாக இருந்தன.

அவருடன் படித்த திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? லலிதா அறிவாளி என்பது உண்மை. ஆனால் அவரைப் போன்ற அறிவாளிகள் அன்று எத்தனையோ வீடுகளின் அடுக்களையில் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகக் கல்லூரி முதல்வரின் அறைக்கு நடந்து போக ஒரு தந்தை இல்லை. அதுதான் வேறுபாடு.

இரண்டாம் பாடம்: சுரேகா யாதவ்

“அவர் பேராசிரியர் வீட்டுப் பெண். நாங்கள் அப்படியா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே இரண்டாவது எடுத்துக்காட்டு நாம் பிழைக்க வந்த இந்த மாநிலத்திலிருந்தே.

சதாரா மாவட்டத்தில் 1965-இல் பிறந்தவர் சுரேகா யாதவ். விவசாயக் குடும்பம். கராட் அரசு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமா படித்தார். பட்டப்படிப்பு அல்ல, டிப்ளமாதான்; அடியேன் படித்ததும் அதுவே. 1986-இல் மத்திய ரயில்வேயில் பயிற்சி உதவி ஓட்டுநராகத் தேர்வானார். பயிற்சி பெற்றது நம் கல்யாணில்.

நான் அப்போது மின்சார எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எஞ்சின் ஓட்டப் பயிற்சி பெறுகிறார் என்ற செய்தி காதுக்கு வந்தபோது நான் நினைத்தது இதுதான்: “நல்ல விஷயம், ஆனால் காட் பகுதியில் முடியாது.” காட் என்றால் மலைப்பாதை. கசாரா, கண்டாலா இரண்டு மலைகளிலும் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏறும்போது வண்டிக்குப் பின்னாலும் எஞ்சின் கொடுத்துத் தள்ள வேண்டும். இறங்கும்போது பிரேக்கின் கணக்குத் தெரியாதவர் வண்டியை நிறுத்த முடியாது. அதற்கு ஆண் கை வேண்டும் என்று படித்த நான், எஞ்சினின் உள்ளும் புறமும் தெரிந்த நான், நம்பினேன். பிரேக்கைப் பிடிப்பது காற்றழுத்தம், ஓட்டுநரின் புஜபலம் அல்ல என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தேன். வழக்கம் கண்ணை மறைக்கும்போது டிப்ளமா உதவாது.

சுரேகா யாதவ் நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் ஆனார். சரக்கு வண்டி ஓட்டினார். 2000-இல் மும்பையில் மகளிர் சிறப்பு லோக்கல் வண்டியை ஓட்டினார். 2010-இல் அந்த மலைப்பாதையிலேயே ஓட்டும் தகுதி பெற்றார். 2011 மார்ச் 8-ஆம் நாள் புனேயிலிருந்து மும்பைக்கு டெக்கான் குயின் வண்டியை ஓட்டி வந்தார். 2023 மார்ச்சில் சோலாப்பூர் – மும்பை வந்தே பாரத் வண்டியை ஓட்டினார். 2025 செப்டம்பரில் பணி ஓய்வு பெற்றார். என் கணிப்பு தவறு என்பதைக் கண்டாலா மலையே எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவர் பெற்ற அந்த டிப்ளமா பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றே ஆண்டுப் படிப்பு. நம் குடும்பங்களால் எட்டிப் பிடிக்க முடியாத உயரம் அல்ல.

மூன்றாம் பாடம்: என் வீடு

மேலே சொன்ன இருவரின் பெயரும் ஊரறிந்தவை. மூன்றாவது பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. அவள் என் தங்கை.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. 1977-இல் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். நான் வாங்கியதை விடக் கணக்கில் பத்து மதிப்பெண் கூடுதல். பி.யு.சி. சேர்ந்து, கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்பா, “அண்ணன் படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார். என் படிப்பு முடிந்தது. அதற்குள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

2019-இல் நான் ஓய்வு பெற்றபோது தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். விழா முடிந்து மாலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பழைய பேச்சு வந்தது. “உன் படிப்பையும் அப்பா நிறுத்தியிருக்கக் கூடாது. பாவம், அவர் கையிலும் பணம் இல்லை” என்றேன். அவள் கோபப்படவில்லை.

“பணம் இல்லைன்னு எனக்கும் தெரியும்ணே. அதுக்கு நான் வருத்தப்படலை. அன்னைக்கு நீ திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தே. ‘அவளும் படிக்கட்டும்ப்பா’ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லலையே, அதைத்தான் நினைச்சுக்குவேன்.”

நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவள் அதை மனதில் வைத்திருந்தாள். எனக்கோ அப்படி ஒரு நாள் இருந்ததே நினைவில் இல்லை. நான் சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லவில்லை. எழுத்தில் இதை ஒப்புக்கொள்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்று உட்கார்ந்திருக்கும் அண்ணன், சித்தப்பா, தாத்தா யாராவது இதைப் படிப்பார் என்றே எழுதுகிறேன்.

வீடுகளில் கேட்கும் நான்கு பேச்சுகள்

*“எப்படியும் ஊரில் கட்டிக் கொடுக்கப் போகிறோம்.”* கட்டிக் கொடுங்கள். படிப்பு அவளோடு கூடவே போகும். சீர்வரிசையில் அது ஒன்றுதான் தேயாதது. லலிதாவின் வாழ்க்கையில் கணவர் போனார், படிப்பு நின்றது. இது நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. நடந்தாலும் நிற்கத் தரை வேண்டும் என்கிறேன்.

*“பையன் படிப்புக்கே பணம் போதவில்லை.”* இருவரின் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பெண்ணுக்கென உள்ள உதவிகளை அந்தத் தாளில் கழியுங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, ‘பிரகதி’ என்ற பெயரில் டிப்ளமா, பொறியியல் பட்டம் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேற்படாத குடும்பம்; ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து விதிகளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

*“லோக்கல் வண்டியில் தினமும் எப்படிப் போய் வருவாள்?”* முதல் ஒரு வாரம் நீங்கள் கூடப் போங்கள். அதே பக்கம் போகும் இன்னொரு பெண்ணைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். பேராசிரியர் சுப்பாராவ் செய்தது அதுதான். நம் சங்கத்தில் விசாரித்தால் துணை கிடைக்காத ஊர் கிடையாது.

*“டிப்ளமா படித்தால் அத்தோடு முடிந்துவிடுமே.”* முடியாது. டிப்ளமா தேறியவர் பொறியியல் பட்ட வகுப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலைக்குப் போக வேண்டுமானால், ரயில்வேயின் இளநிலைப் பொறியாளர் தேர்வுக்கு உரிய பிரிவில் மூன்றாண்டு டிப்ளமாவே தகுதி.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டியது

நம்மில் சிலர் பெண்ணை ஒன்பதாம் வகுப்பில் ஊருக்கு அனுப்பி, பாட்டி வீட்டில் வைத்துப் படிக்க வைத்துவிட்டு, பிறகு இங்கே கல்லூரியில் சேர்க்க வருகிறார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிகிறது. மாநில இடங்களுக்குப் பிள்ளை எங்கே பிறந்தது, எந்த மாநிலத்தில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்தது, இருப்பிடச் சான்று உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலும் இப்படியே. இரண்டு பக்கமும் இல்லாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பள்ளி மாற்றும் முன்பே கல்லூரி விதியைக் கேளுங்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயமும் அப்படியே. தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழைக் காட்டி இம்மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைப் பெறலாம் என்று எண்ணிக் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு விதி வேறு. எதற்கு எது செல்லும் என்று ஓராண்டுக்கு முன்பே விசாரித்து, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆண் பிள்ளைக்கு இந்தக் கோப்பு பல வீடுகளில் தயாராக இருக்கிறது. பெண் பிள்ளைக்கும் ஒரு கோப்பு வாங்குங்கள். விலை இருபது ரூபாய்தான்.

பெண் பிள்ளைகளே, உங்களுக்கு

உங்கள் ஆசையை வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாத ஆசைக்குப் பெரியவர் எப்படித் துணை வர முடியும்? சொல்லும்போது வெறும் ஆசையாகச் சொல்லாமல், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், எப்படிப் போய் வருவேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு மறுப்பது எந்த அப்பாவுக்கும் கொஞ்சம் கடினம்.

அப்பா மறுத்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவும் தயங்கினால் மாமா, அத்தை, ஆசிரியர், எதிர்வீட்டுப் பெரியவர் என்று ஒருவர் கிடைக்கும் வரை சொல்லுங்கள். ஒருவர் போதும். மறக்காமல் கணக்குப் பாடத்தையும் கவனியுங்கள். பெரியவர் வாசலைத் திறக்கலாம். உள்ளே நடந்து போக வேண்டியது நீங்கள்தான்.

வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்க்க

1. நம் வீட்டுப் பெண்ணிடம் ‘உனக்கு என்ன ஆசை?’ என்று கடைசியாகக் கேட்டது எப்போது? அவள் சொன்ன பதில் நினைவிருக்கிறதா?

2. மகனிடம் ‘என்ன ஆகப் போகிறாய்?’ என்றும், மகளிடம் ‘இது போதுமா?’ என்றும் கேட்கிறோமா?

3. நம் குடும்பத்தில் ஆசை இருந்தும் படிப்பு நின்றுபோன பெண்கள் யார் யார்? அன்று யார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்?

4. லலிதாவின் தந்தை செய்தவற்றில் பணம் செலவாகாதவை எவை?

முடிப்பதற்கு முன், மெஷின் பிடிக்கும் என்ற அந்தப் பெண்ணைப் பற்றி. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா நல்ல மனிதர், உழைப்பாளி. காபி கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றார். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன முடிவாகும் என்பது அவர்கள் குடும்பத்தின் விஷயம். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் தங்கைக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். “அடுத்த வாரமும் போயிட்டு வாண்ணே” என்றாள். போகப் போகிறேன்.

பத்தாம் வகுப்பில் பெண் இருக்கும் பெற்றோர், சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்க அறைக்கு வரலாம். பாலிடெக்னிக், கல்லூரி விண்ணப்பம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரும்போது பெண்ணையும் அழைத்து வாருங்கள். அவளிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.